சவரக்கத்தியும் சமத்துவமும்

மனிதன் நாள்தோறும் கையாளும் சின்னஞ்சிறு பொருள்களுள் சில, தமக்குள் பெரியதொரு வரலாற்றை ஒளித்து வைத்திருக்கின்றன. உப்பும் ஊசியும் விளக்கும் அத்தகையவை. சவரக்கத்தியும் அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கதே. காலையில் ஐந்து நிமிடம் கையிலெடுத்துக் கழுவி வைத்துவிடும் பொருளுக்கு என்ன வரலாறு இருக்கப் போகிறது என்று நாம் எண்ணலாம். ஆயினும், யார் யாரைத் தொடலாம், யார் யாருக்குப் பணிசெய்ய வேண்டும், யார் யாரிடம் கையேந்தி நிற்க வேண்டும் என்னும் கேள்விகளெல்லாம் அந்தச் சிறிய இரும்பின் விளிம்பில் பல நூற்றாண்டுகளாகத் தங்கியிருக்கின்றன.

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு நோக்கிச் செல்லும் சாலையில், பல ஊர்ச் சாலைகள் வந்து கூடும் இடம் செம்பட்டி. பழனிக்கு நடந்து செல்லும் பாதயாத்திரைக் கூட்டத்தைத் தை மாதத்தில் இவ்வழியே காணலாம். பஞ்சம்பட்டி முதலாகக் கத்தோலிக்க மக்கள் மிகுந்து வாழும் சிற்றூர்களும் இப்பகுதியில் உண்டு. இத்தகைய சந்தியூரின் கடைத்தெருவில் இன்று சவரத்திற்கும் முடிவெட்டுவதற்கும் எத்தனையோ கருவிகள் கிடைக்கின்றன. தாளில் பொதிந்த தனி பிளேடு, இருமுறை பயன்படுத்தி எறிந்துவிடும் பிளாஸ்டிக் ரேசர், மின்னேற்றி வைத்துக்கொள்ளும் டிரிம்மர் என்று ஒவ்வொரு வருவாய்க்கும் ஒவ்வொன்று. எதை வாங்கலாம் என்பதே இன்றைய கேள்வி. நம் பாட்டனார் காலத்தில் இக்கேள்வி எழவேயில்லை. கத்தி அவர்கள் கையில் இருந்ததில்லை. அது பிறிதொருவர் கையில் இருந்தது. அது ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு மாறிய கதையைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

விவிலியத்தில் சவரக்கத்தி

சிறையிலிருந்து அழைத்துவரப்பட்ட யோசேப்பு, பார்வோன் முன் நிற்பதற்கு முன்னர் முகம் மழித்து ஆடை மாற்றிக்கொண்டார் எனத் தொடக்கநூல் கூறுகிறது. எபிரேயர் தாடி வளர்த்தவர். எகிப்தியரோ மழித்தலைத் தூய்மையின் அடையாளமாகக் கொண்டவர். அடிமையாய் விற்கப்பட்ட ஒருவர் அரசவைக்குள் நுழைய, அந்நாட்டு வழக்கப்படி கத்திக்கு முகம் கொடுக்க வேண்டியிருந்தது. மறுபுறம், நாசீர் பொருத்தனை செய்தோரின் தலையில் கத்தி படலாகாது என எண்ணிக்கை நூல் விதிக்கிறது. சிம்சோனின் கதை நாமறிந்ததே. திருத்தூதர் பவுலும் ஒரு பொருத்தனையின் பொருட்டுக் கெங்கிரேயாவில் முடி வெட்டிக்கொண்டதாகத் திருத்தூதர் பணிகள் குறிப்பிடுகிறது. இறைவாக்கினர் எசேக்கியேல் கூரிய வாளையே நாவிதர் கத்தியாகக் கொண்டு தம் தலையையும் தாடியையும் மழித்து, அம்முடியைத் தராசில் நிறுத்துப் பங்கிடுமாறு பணிக்கப்பட்டார். எருசலேமுக்கு வரவிருந்த அழிவின் அடையாளம் அது.

முடியைக் களைவது துக்கத்திற்கும் துறவுக்கும் நேர்த்திக்கும் அடையாளமாவது பல சமயங்களிலும் காணக்கூடியது. நமது திருச்சபையிலும் குருத்துவ நிலைக்குள் நுழைவோரின் தலைமுடியைச் சிறிதளவு களையும் சடங்கு பன்னூறு ஆண்டுகள் நிலவிற்று. திருத்தந்தை ஆறாம் பவுல் 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் வெளியிட்ட மடல்வழி அது நீக்கப்பட்டது. பழனியில் முடிகாணிக்கை செலுத்தும் இந்து அன்பரும், வேளாங்கண்ணியில் மொட்டையடித்துக்கொள்ளும் கிறிஸ்தவக் குடும்பமும் ஒரே தமிழ் மண்ணின் பக்தி மரபைச் சேர்ந்தவர்களே. இரண்டிடத்திலும் கத்தியைப் பிடிக்கும் கைகளும் பெரும்பாலும் ஒரே சமூகத்தாருடையவை. அந்தக் கைகளைப் பற்றி நாம் எவ்வளவு எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

அடைப்பமும் ஊர்க்கட்டும்

நாவிதர் தம் கருவிகளை வைத்திருக்கும் பைக்கு ‘அடைப்பம்’ என்று பெயர். மடக்குக்கத்தி, கத்தரி, சீப்பு, சிறு கண்ணாடி, தண்ணீர்க் கிண்ணி, தீட்டுக்கல், தோல்வார், படிகாரம் ஆகியன அதனுள் அடங்கும். கல்லில் தீட்டிய கத்தியைத் தோல்வாரில் முன்னும் பின்னும் இழுத்து விளிம்பைச் சீராக்குவதும், கன்னத்தின் தோலை இரு விரலால் இழுத்துப் பிடித்துக் கத்தியைச் சாய்வாக ஓட்டுவதும், ஆண்டுக்கணக்கில் பழகினாலன்றிக் கைவராத திறமைகள். ஒருவரின் குரல்வளையின்மீது கூரிய இரும்பை வைத்து இரத்தம் வராமல் எடுப்பவர் சாதாரணக் கைவினைஞர் அல்லர்.

இச்சமூகத்தார் கத்தியோடு நின்றவரும் அல்லர். கட்டி கீறுதல், காயத்திற்கு மருந்திடுதல், நாடி பார்த்தல் ஆகியவற்றை ஆடவரும், பேறுகாலம் பார்த்தலை மகளிரும் செய்து வந்தனர். இதனாலேயே அவர்களை மருத்துவர் என்றும் மருத்துவச்சி என்றும் பண்டிதர் என்றும் மக்கள் வழங்கினர். திருமணத்திலும் இறப்புச் சடங்கிலும் அவர்களின்றி ஊர் இயங்கியதில்லை. மேலைநாட்டிலும் இதே நிலைதான். 1215-ஆம் ஆண்டு நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், திருநிலையினர் அறுவையும் சூடிடுதலும் செய்யலாகாது எனத் தடுத்தது. நாவித அறுவையாளர்களிடம் அவ்வேலை மேலும் மேலும் சென்றடைந்தது. இங்கிலாந்தில் 1540-இல் நாவிதரும் அறுவை மருத்துவரும் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டனர், 1745-இல்தான் பிரிந்தனர். அங்கே பிரிந்து சென்ற அறுவை மருத்துவர் புகழின் உச்சியை அடைந்தார். இங்கேயோ, பிறக்கும் குழந்தையை முதலில் கையில் ஏந்திய மருத்துவச்சியும், அவர் கணவரான பண்டிதரும் ஊரின் கடைக்கோடியில் வைக்கப்பட்டனர்.

அவர்களுக்கு ஊதியம் பணமாகக் கிடைப்பது அரிது. அறுவடைக் களத்தில் அளக்கப்படும் தானியமே ஆண்டு முழுதும் செய்த வேலைக்குக் கூலி. அழைத்த வீட்டின் திண்ணைக்கோ கொல்லைப்புறத்திற்கோ சென்று பணிசெய்ய வேண்டும், மறுக்க உரிமையில்லை. ‘சிரைத்தல்’ என்னும் சொல்லே வசைச்சொல்லாகிவிட்ட கொடுமையை நம் அன்றாடப் பேச்சிலேயே கேட்கிறோம். ஒரு தொழிலின் பெயரை வசையாக்கி வைத்திருக்கும் சமூகம், அத்தொழில் இல்லாமல் ஒரு வாரம்கூடத் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்க விரும்பாது என்பது நகைப்புக்கும் வேதனைக்கும் உரியது.

இக்கட்டமைப்பின் மற்றொரு முகம் இன்னும் கொடியது. இதே நாவிதர், ஊரார் விதித்த தடையால், தலித் மக்களுக்குப் பணிசெய்யலாகாது. சேரியில் தமக்குள் ஒருவரே இவ்வேலையைச் செய்துகொண்டனர். சில பகுதிகளில் புதிரை வண்ணார் என்னும் சிறு சமூகத்தார் தலித் மக்களுக்குத் துணி வெளுப்பதோடு முடிதிருத்தும் பணியையும் ஏற்றனர். ஆக, கத்தி வைத்திருந்தவர் அதைத் தம் விருப்பப்படி பயன்படுத்த இயலவில்லை. தேவைப்பட்டவர் அதைக் கேட்டுப் பெற இயலவில்லை. இருவரையும் ஒரே கயிற்றின் இரு நுனிகளில் கட்டியது சாதி.

உரோமை வரை சென்ற குடுமி

முடியின் வழக்கு ஒருமுறை உரோமை வரை சென்றது. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளார், தமிழ்ச் சமுதாயத்தின் உயர்குடியினர் கிறிஸ்தவம் தழுவும்போது தம் குடுமியையும் பூணூலையும் களைய வேண்டியதில்லை எனக் கருதினார். இவை குலத்தையும் நாகரிகத்தையும் காட்டும் அடையாளங்களேயன்றிப் பிற சமய வழிபாட்டின் பகுதிகள் அல்ல என்பது அவர் வாதம். அவருடைய சபைத் துறவியரிலேயே சிலர் கடுமையாக எதிர்த்தனர். வழக்கு நீண்டு, கடைசியில் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி 1623-ஆம் ஆண்டு சனவரி 31-ஆம் நாள் வெளியிட்ட ஆணையில் குடுமி, பூணூல், சந்தனம், நீராடல் ஆகியவற்றைச் சில நிபந்தனைகளோடு அனுமதித்தார்.

நற்செய்தி ஒரு நாட்டின் உடையையும் சிகையையும் மதித்து ஏற்கவேண்டும் என்னும் உயரிய கருத்து இதில் உண்டு. அதை நாம் போற்றுகிறோம். ஆனால் வரலாற்றை முழுமையாகப் பார்க்கும் கண்ணுக்கு மற்றொன்றும் தெரியாமற் போகாது. குடுமிக்கு இடம் கொடுத்தபோது, அக்குடுமி சுட்டி நின்ற சாதி இடைவெளிக்கும் இடம் கிடைத்தது. 1640-ஐ ஒட்டித் தாழ்த்தப்பட்ட மக்களிடையே பணியாற்றப் பண்டாரசுவாமிகள் எனத் தனிக் குருக்கள் ஏற்பட்டமை இதற்குச் சான்று. பின்னாளில் நம் ஆலயங்களிலும் கல்லறைகளிலும் எழும்பிய சுவர்களின் அடித்தளத்தைத் தேடுவோர் இக்காலத்தையும் ஆராயாமல் விடமுடியாது.

தானே மழித்துக்கொள்ளும் கலை

இனி, கத்தி கைமாறிய கதை. பாரிசு நகரின் கத்தித் தொழிலாளி சான் சாக் பெரே என்பார் 1769-ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். பிறர் உதவியின்றித் தானே மழித்துக்கொள்ளக் கற்பதே அதன் பொருள். வெட்டுக்காயம் ஆழமாகாதபடி கத்தியின் விளிம்புக்கு மரத்தாலான காப்பு அமைக்கும் எண்ணமும் அவருடையதே. அந்த விதை மரமாக ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அமெரிக்கரான கிங் கேம்ப் கில்லெட், தீட்டவே தேவையில்லாத மெல்லிய பிளேடைப் பிடியில் பொருத்தி, மழுங்கியதும் எறிந்துவிடலாம் எனக் கனவு கண்டார். தாள் போன்ற எஃகுத் தகட்டைக் கூராக்குவது அன்றைய வல்லுநர்க்கு இயலாத செயலாகத் தோன்றிற்று. வில்லியம் நிக்கர்சன் என்னும் பொறியாளர் அதை இயல்வதாக்கினார். 1903-இல் விற்பனையானவை வெறும் 51 ரேசர்களும் 168 பிளேடுகளுமே. 1904-இல் காப்புரிமை கிடைத்தது. முதல் உலகப்போரில் அமெரிக்க அரசு தன் படைவீரர்க்கென 35 இலட்சம் ரேசர்களை வாங்கிற்று. நச்சுப்புகைக்கு எதிரான முகமூடி கன்னத்தில் இறுகப் பொருந்த வேண்டுமாயின் தாடி இருத்தல் ஆகாது. போர்முனையில் தினந்தோறும் தாமே மழித்துப் பழகிய இளைஞர்கள் வீடு திரும்பியதும் அப்பழக்கத்தைக் கைவிடவில்லை. உலகமெங்கும் ஆண்களின் காலைப்பொழுது மாறிற்று.

முடிவெட்டும் கருவியும் அவ்வாறே வளர்ந்தது. இரு கைப்பிடிகளை அழுத்தி அழுத்தி வெட்டும் கைமெஷின், அமெரிக்கர் லியோ வால் 1919-இல் காப்புரிமை கோரிய மின்மெஷின் என அது உருமாறிற்று. 1931-இல் சேக்கப் ஷிக்கின் மின்சவரக் கருவி விற்பனைக்கு வந்தது. 1939-இல் ஆலந்து நாட்டு பிலிப்ஸ் நிறுவனம் சுழலும் தலையுடைய கருவியை வெளியிட்டது. நம் நாட்டிலும் டோபாஸ், பனாமா, அசோக், செவன் ஓ க்ளாக் எனப் பிளேடுகளின் பெயர்கள் பெட்டிக்கடை வரை புழங்கின. மடக்குக்கத்தியும் தோல்வாரும் மெல்ல மெல்ல நினைவாயின.

பிரிட்டோரியாவில் ஒரு கண்ணாடி

வீட்டிலேயே முடிவெட்டிக்கொண்டோரின் வரலாற்றில் மிகப் புகழ்பெற்றவர் காந்தியடிகள் எனலாம். தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராய் இருந்த நாளில் பிரிட்டோரியா நகரில் ஓர் ஆங்கில முடிதிருத்துவோரிடம் அவர் சென்றார். அம்மனிதர் இகழ்ச்சியோடு மறுத்துவிட்டார். மனம் புண்பட்ட காந்தியடிகள், உடனே முடிவெட்டும் மெஷின் ஒன்றை விலைக்கு வாங்கி, கண்ணாடி முன் நின்று தாமே வெட்டிக்கொண்டார். முன்பக்கம் ஒருவாறு அமைந்தது, பின்பக்கம் கெட்டுப்போயிற்று. நீதிமன்றத்தில் நண்பர்கள் அதைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். இதைத் தம் தன்வரலாற்றில் அவரே சொல்கிறார்.

அவர் அத்தோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு தன்மான நிகழ்ச்சியாக மட்டும் இருந்திருக்கும். அடுத்து அவர் எழுதுவதே நம் உள்ளத்தைத் தொடுகிறது. அந்த ஆங்கிலேயரை அவர் குற்றஞ்சாட்டவில்லை. கறுப்பர்க்குப் பணிசெய்தால் அம்மனிதர் தம் வாடிக்கையாளரை இழக்க நேரிடலாம் என்பதை உணர்ந்தார். நம் நாவிதர் நம் தீண்டப்படாத சகோதரர்க்குப் பணிசெய்ய நாமே விடுவதில்லையே என்பதை எண்ணினார். தமக்கு அங்கே கிடைத்த அவமதிப்பு, தம் நாட்டார் செய்துவந்த பாவத்தின் தண்டனை என்றே கொண்டார். அதனால் சினம் கொள்ளாமல் இருக்க முடிந்தது என்கிறார். அடிபட்டவன் தன் கையில் உள்ள தடியையும் பார்த்துக்கொண்ட அரிய கணம் அது. மனமாற்றம் என்று நம் திருச்சபை கூறுவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ?

1908-இல் ஜொகன்னஸ்பர்க் சிறையில் அவர் அடைபட்டபோது, முடிவெட்டும் மெஷினும் கத்தரியும் மீண்டும் அவர் கைக்கு வந்தன. பி. கே. நாயுடு என்னும் சத்தியாக்கிரகியுடன் சேர்ந்து உடன்கைதிகளுக்கு அவர் முடி வெட்டினார். அவமதிப்பின் பொருட்டு வாங்கிய கருவிப் பழக்கம் பிறருக்குப் பணிசெய்யும் கருவியாயிற்று. பாரிஸ்டர் பட்டம் பெற்றவரின் கையில் நாவிதர் கத்தரி! அந்தக் கத்தரியால் தம் மாண்பு குறைந்ததாக அவர் எண்ணவில்லை. செம்பட்டியிலிருந்து தொலைவில் இல்லாத சின்னாளப்பட்டியை ஒட்டி, 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் நிறுவிய காந்திகிராமம், உடலுழைப்பின் மாண்பைக் கல்வியோடு இணைக்கவே பிறந்தது என்பதை இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கலாம்.

சட்டம் திறந்த கதவு

சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பை வரைந்தவர்களுக்கும் இக்கத்தியின் கதை தெரிந்திருந்தது. கடைகளுக்குள் எவரையும் தடுக்கலாகாது என்னும் விதி 1948 நவம்பர் 29-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் விவாதிக்கப்பட்டது. நாடி வருவோர்க்குத் தம் சேவையை அளிக்க ஒருவர் ஆயத்தமாயிருக்கும் இடம் எதுவும் ‘கடை’யே என டாக்டர் அம்பேத்கர் அச்சொல்லுக்குப் பரந்த விளக்கம் தந்தார். 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. ‘கடை’ என்பதற்கு விளக்கம் கூறுமிடத்தில், சலவைக் கடையையும் முடிதிருத்தும் நிலையத்தையும் பெயர் சொல்லியே சேர்த்தது. ஒரு நாட்டின் சட்டம் முடிதிருத்தும் நிலையத்தைத் தனியே பெயர் சுட்ட வேண்டியிருந்தது என்றால், அந்நாற்காலி எத்தனை பேருக்கு மறுக்கப்பட்டிருக்க வேண்டும்!

திண்ணையிலிருந்து சலூனுக்கு மாறியது நாவிதருக்கும் விடுதலையே. அழைத்த வீட்டுக்கு ஓட வேண்டியவர், தம் கடையில் நின்று, வருவோரை வரிசையில் அமரச் செய்தார். களத்து நெல்லுக்குப் பதில் கையில் காசு வந்தது. சலூனின் மரப்பலகையில் நாளிதழ் கிடந்தது, அங்கே எழுத்தறியாதவருக்கு எழுத்தறிந்தவர் படித்துக் காட்டினார், அரசியல் பேசப்பட்டது. தமிழ்நாட்டின் பொதுவாழ்வு வளர்ந்த இடங்களுள் சலூனும் ஒன்று.

1986-இல் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டன. டாக்டர் சுனிதி சாலமனும் நிர்மலா செல்லப்பனும் செய்த ஆய்வின் பயன் அது. அதன் பின்னர், ஒரே கத்தியை ஆளுக்காள் பயன்படுத்துவது குறித்து மக்களிடம் அச்சம் பிறந்தது. மடக்குக்கத்தியின் இடத்தில், பாதி பிளேடைச் செருகி ஒருவருக்கு ஒன்றாக மாற்றும் பிடி வந்தது. புது பிளேடு போடுங்கள் என்று கேட்கும் வழக்கம் சிற்றூர் வரை பரவிற்று. மஞ்சட்காமாலையை உண்டாக்கும் ஹெப்பாடிடிஸ் பி கிருமி, உடலுக்கு வெளியே ஏழு நாள்களேனும் உயிர்ப்போடிருக்க வல்லது. ஆகவே அந்தக் கவனம் இன்றும் தேவையே.

எதை வாங்குவது?

2020-ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் கொரோனா ஊரடங்கால் சலூன்கள் மூடப்பட்டபோது, எத்தனையோ வீடுகளில் தந்தை மகனுக்கும் மனைவி கணவனுக்கும் முடிவெட்டினர். அப்போது வாங்கிய மெஷின்கள் பல இல்லங்களில் நிலைத்துவிட்டன. எனவே கருவியைத் தேர்வதுபற்றிச் சில சொற்கள் கூறுவது தகும்.

நாள்தோறும் முகம் மழிப்பவருக்கு, உலோகப்பிடியும் இருபுறக் கூருடைய பிளேடும் கொண்ட பழைய ரேசரே இன்றும் சிக்கனமானது. பிடியை ஒருமுறை வாங்கினால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். மாற்ற வேண்டியது பிளேடு மட்டுமே. பிளாஸ்டிக் ரேசரோ சில நாள்களில் குப்பைமேட்டை அடைகிறது. சுருண்ட முடியுடையோருக்கு, பல பிளேடுகள் அடுக்கிய ரேசர் தோலினும் தாழ முடியை அறுத்துவிடுவதால், அது உள்ளேயே வளர்ந்து கொப்புளமாகக் கூடும். அவர்களுக்கு ஒற்றை பிளேடோ, சற்றே முடியை விட்டு வெட்டும் டிரிம்மரோ நல்லது. இரத்தம் உறையாதிருக்க மருந்துண்போருக்கும், நீரிழிவால் புண் ஆறத் தாமதமாவோருக்கும், கை நடுங்கும் முதியோருக்கும் மின்சவரக் கருவியே காப்பானது.

தலைமுடி வெட்ட, தாடிக்கான சிறு டிரிம்மர் போதாது. அதற்கென அமைந்த வலுவான மோட்டாருள்ள மெஷினே வேண்டும். உடன்வரும் சீப்புக் காப்புகளில் எண் குறித்திருக்கும். பல மெஷின்களில் ஒன்று என்பது ஏறக்குறைய 3 மில்லிமீட்டர், இரண்டு என்பது 6, நான்கு என்பது 13. புதிதாய்ப் பழகுவோர் பெரிய எண்ணில் தொடங்கிச் சிறிய எண்ணுக்கு வரவேண்டும். வெட்டிய முடியை ஒட்ட வைக்க முடியாதன்றோ! வெட்டி முடித்ததும் தூரிகையால் துடைத்து, பற்களில் ஓரிரு துளி எண்ணெய் இட்டால் கருவி நெடுநாள் உழைக்கும். ரேசரை ஒரே வீட்டிலும் ஒருவர்க்கொருவர் மாற்றிப் பயன்படுத்தலாகாது. விடுதியில் தங்கிப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி அனுப்பவேண்டும்.

இன்னொன்றும் உண்டு, அது கடைக்காரர் சொல்லாதது. பழைய பிளேடைக் குப்பையோடு வீசுகிறோம். அந்தக் குப்பையில் கைவைத்துப் பிரிப்பவர் ஒரு தூய்மைப் பணியாளர். பெரும்பாலும் தலித் சகோதரரோ சகோதரியோ ஆவார். அவர் விரலைக் கிழிப்பது நம் முகத்தை அழகாக்கிய அதே பிளேடு. மூடியுள்ள சிறு தகரப் பெட்டியில் பழைய பிளேடுகளைச் சேர்த்து, நிறைந்தபின் இறுக மூடித் தனியே எடுத்துச் சொல்லிக் கொடுப்பது பெரிய வேலையன்று. அயலாரை அன்பு செய்வது எங்கே தொடங்குகிறது என்று கேட்போருக்கு இப்பெட்டியையும் காட்டலாம்.

புனிதரின் கையிலிருந்த கத்தி

நாவிதர் தொழிலை இழிவென்போர் நம் திருச்சபையின் புனிதர் ஒருவரை அறிந்துகொள்ள வேண்டும். 1579-இல் பெரு நாட்டின் லீமா நகரில், எசுப்பானியக் கனவான் ஒருவருக்கும் விடுதலை பெற்ற கறுப்பினப் பெண்மணிக்கும் பிறந்தவர் மார்ட்டின் தே போரஸ். சிறுவயதில் நாவித அறுவையாளர் ஒருவரிடம் தொழில் பயின்றார். சாமிநாதர் சபை மடத்தில் சேர்ந்தபோது, கறுப்பினக் கலப்புடையோர் முழு உறுப்பினராக இயலாது என்னும் விதி குறுக்கே நின்றது. ஆகவே பணியாளராகவே நுழைந்து, துறவியருக்கு முடி திருத்தினார், நோயாளிகளைக் கவனித்தார், தெருவில் கிடந்த ஏழைகளைத் தூக்கிவந்து தம் படுக்கையில் கிடத்தினார். 1603-இல் சபைச் சகோதரராக வார்த்தைப்பாடு அளித்தார். 1639-இல் இறந்த அவரை, 1962-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். முடிதிருத்துவோரின் பாதுகாவலர் அவரே. நவம்பர் 3-ஆம் நாள் அவரது திருநாள். நம் பங்குகளில் எத்தனை பங்குகள் அந்நாளில் ஊர் முடிதிருத்துவோரை அழைத்து ஒரு மாலை அணிவிக்கின்றன?

1982-இல் திருச்சியில் கூடிய இந்திய ஆயர் பேரவை, சாதி வேறுபாடு இறைவனுக்கும் மானிடத்துக்கும் எதிரான பாவம் எனத் தெளிவாக அறிவித்தது. அன்று திண்டுக்கல் பகுதியும் திருச்சி மறைமாவட்டத்தைச் சேர்ந்ததே. தனி மறைமாவட்டமானது 2003-இல்தான். அறிவிப்புகள் வேண்டும். ஆயினும், அறிவிப்பு வாழ்வாகிறதா என்று அறிய நாம் நூலகத்துக்குப் போகவேண்டியதில்லை. நம் ஊர்ச் சலூனின் நாற்காலியைப் பார்த்தால் போதும். எல்லாத் தெருவினரும் அதில் அமர முடிகிறதா? அல்லது ஒரு தெருவின் இளைஞர் மட்டும் முடிவெட்டப் பேருந்தேறி நகரத்துக்குச் செல்கிறார்களா? தமிழகத்தில் சில ஊர்களில் இந்நிலை இன்னும் நீங்கவில்லை என்பது நாம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மை. அங்கே கதவை அடைப்பவர் முடிதிருத்துவோராகத் தோன்றலாம். அவர் பின்னால் நின்று, அவர்களுக்கு வெட்டினால் நாங்கள் வரமாட்டோம் என்று சொல்பவர் யார்? பிரிட்டோரியாவில் காந்தியடிகள் கண்டது இதைத்தான். அத்தகைய வாடிக்கையாளர் திருப்பலியில் நம் அருகே முழங்காலிட்டிருப்பவராகவும் இருக்கக்கூடும்.

வீட்டில் ஒரு மெஷின் வாங்கி வைப்பது சிக்கனம், வசதி, சில வேளைகளில் தன்மானமும்கூட. விரும்பி வாங்குபவர் வாங்கட்டும். வேறு வழியின்றி வாங்க வேண்டிய நிலை ஒருவருக்கும் வரலாகாது. தொழுநோயாளரைக் குணமாக்க இயேசுவுக்கு ஒரு சொல்லே போதுமாயிருந்தது. ஆயினும் அவர் கையை நீட்டித் தொட்டார். எவரும் தொடாதிருந்த உடலுக்குத் தொடுதலே முதல் மருந்து என்பதை அவர் அறிந்திருந்தார். தலையின் முடியெல்லாம் எண்ணப்பட்டிருக்கிறது என அவர் கூறியபோது, எந்தத் தலை எந்தத் தெருவைச் சேர்ந்தது எனப் பிரித்துக் கூறவில்லை.

கத்தி இன்று நம் கையில் இருக்கிறது. அதன் கூரை நாம் பார்த்து வாங்குகிறோம், விலையையும் பார்க்கிறோம். அது கடந்துவந்த கைகளையும் சற்றே நினைத்துக்கொண்டால், அடுத்தமுறை சலூன் நாற்காலியில் அமரும்போது, நம் கழுத்தில் துணியைப் போர்த்தும் மனிதரை மரியாதையோடு ‘ஐயா’ என்று அழைக்க நம் நா கூசாது. பக்கத்து நாற்காலியில் எவர் வந்து அமர்ந்தாலும் அவருக்காக நாம் சிறிது நகர்ந்து இடம் கொடுப்போம்.